நன்னம்பிக்கை முனைக்கு ஒரு சுற்றுலா

‘நாள்: 9.1.2012. தலைப்பு: விடுமுறையில் நான் சென்ற சுற்றுலா. கடந்த பள்ளி விடுமுறையில் நானும் அப்பாவும் அம்மாவும் கிள்ளான் நகரிலுள்ள சரித்திரப் புகழ்வாய்ந்த இடங்களைக் கண்டு களித்தோம். இறுதியாக நன்னம்பிக்கை முனைக்குச் சென்றோம்.’

ஐந்தாம் ஆண்டில் நான் எழுதிய கட்டுரையின் தொடக்கம் இது. ஆசிரியை ‘நன்னம்பிக்கை முனை’யைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘அது ஆப்பிரிக்காவில் உள்ளது’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். போர்ட் கிள்ளானில் கடலோரமாகத் தஞ்சோங் ஹராப்பான் என்றோர் இடம் உண்டு. மலாயில் தஞ்சோங் என்றால் முனை, ஹராப்பான் என்றால் நம்பிக்கை. என் மொழிபெயர்ப்பில் பெரிய குற்றமில்லை. உண்மையான பிழை முதல் வாக்கியத்தில் இருக்கிறது. அதைத் திருத்த ஆசிரியைக்கு வழியில்லை. அன்று காரில் போனவர்கள் நான்கு பேர்.

நான்காவது ஆளைச் சித்தப்பா என்று அழைத்தேன். அவர் அப்பாவின் தம்பி அல்லர், உறவே அல்லர். அப்பா சமையல் காஸ் தோம்புகளை, அதாவது சிலிண்டர்களை, ஏற்றும் லோரி ஓட்டினார். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை அவருக்குக் கடைகள் இருந்தன. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இவர். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். பெர்மிட்டை யாரும் புதுப்பிக்கவில்லை என்பதே அவருக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டதற்குக் கடையில் சரியான பதில் இல்லை. ஒருநாள் காலி காஸ் தோம்புகளோடு அவரும் லோரியில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பின்னறையில் தங்கினார். வாசல் கேட்டைத் தாண்டியதில்லை. எங்களுக்குச் சமைத்துப் போட்டார்; அம்மா வாழ்நாளில் முதல்முறையாக மதியம் தூங்கினார். ஊரில் அவருக்கு ஒரு மகள் இருந்தாள். அவர் விமானம் ஏறியபோது மனைவி வயிற்றில் இருந்தவள். அவர் அறிந்ததெல்லாம் தொலைபேசியில் வந்த குரல்தான். அந்தக் குரல் முதலில் அழுதது, பிறகு மழலை பேசியது, பிறகு ‘எப்ப வருவ?’ என்று கேட்கக் கற்றுக்கொண்டது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் குழந்தையிடம் போய்ச் சேர்வது.

அந்த ஆண்டு அரசாங்கம் பொது மன்னிப்பு ஒன்றை அறிவித்திருந்தது. பெர்மிட் இல்லாதவர்கள் தாமாக முன்வந்தால் வழக்கு இல்லாமல் ஊருக்குப் போகலாம். ஆனால் கையில் பாஸ்போர்ட் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவருடையது அவரை அழைத்துவந்த ஏஜெண்டிடம் இருந்தது. அப்பா அந்த மனிதரை எங்கெங்கோ தேடிப் பிடித்துப் பேசி, கேட்டதைக் கொடுத்து, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார். டிசம்பரில் ஒரு புதன்கிழமை மதியம் தஞ்சோங் ஹராப்பானுக்கு வந்தால் பாஸ்போர்ட் கிடைக்கும் என்று பதில் வந்தது. தேதி எனக்கு நினைவில்லை. அப்பாவுக்கு விடுப்பு புதன்கிழமையில்தான் என்பதால் கிழமையைப் பற்றிச் சந்தேகமில்லை.

வழியில் சோதனைகள் இருக்கும். தனி ஆளாக மோட்டார் சைக்கிளில் போனால் நிறுத்துவார்கள். இந்தியாவிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த விருந்தாளியாக ஒரு குடும்பத்தோடு போனால் விட்டுவிடுவார்கள் என்பது அப்பாவின் கணக்கு.

ஒரு வாரம் பயிற்சி நடந்தது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஸ்போர்ட்ஸ் ஷூ போடுவார்கள், தலையில் தொப்பி இருக்கும், கழுத்தில் கேமரா தொங்கும், தண்ணீர் போத்தலைக் கையிலிருந்து கீழே வைக்கமாட்டார்கள் என்று அம்மா விளக்கினார். பத்துமலையில் பார்த்து அறிந்தது. உடை எளிதாக முடிந்தது. பேச்சுதான் பாடாய்ப் படுத்தியது. நான்கு ஆண்டுகளில் அவர் நாக்கு இந்த ஊருக்கு வந்துவிட்டிருந்தது. சந்தையைப் பாசார் என்பார், முடியாது என்பதற்குத் ‘தா போலே’ என்பார், எல்லாவற்றின் வாலிலும் ஒரு ‘லா’ ஒட்டியிருக்கும். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே தேர்வு வைப்பார்.

“தம்பி, கடையில தொப்பி என்ன விலைன்னு எப்படிக் கேப்பீங்க?”

“எவ்ளோ லா இது?”

“போச்சு. பிடிச்சிட்டாங்க. போய் லோக்கப்ல உக்காருங்க.”

அவர் எழுந்து போய்க் குளியலறையில் உட்கார்ந்துவிட்டு, உள்ளிருந்து “அண்ணி, எப்ப ரிலீஸ்?” என்பார். வாரக் கடைசியில் மலாய்ச் சொல் ஒன்றுகூட அவரிடம் மிஞ்சவில்லை. ‘எவ்ளோங்க’, ‘சரிங்க’ என்று பேச ஆரம்பித்தார். அவருடைய சொந்தப் பேச்சை அவரே திரும்பப் படித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

என்னிடம் இது ஒரு விளையாட்டு என்று சொல்லப்பட்டது. சித்தப்பா திருச்சியிலிருந்து வந்த டூரிஸ்ட். நான் கைடு. திரும்பி வீட்டுக்குள் நுழையும்வரை யார் மாற்றிப் பேசாமல் இருக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. எனக்கு இதைவிட ஏற்ற வேடம் கிடைத்திருக்காது. ‘எங்கள் நகரம் கிள்ளான்’ என்ற தலைப்பில் பேச்சுப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியிருந்தேன். முதல் பரிசு கிடைக்காததற்குக் காரணம் ஆண்டுகளை அளவுக்கு மீறி அடுக்கியதுதான் என்று நடுவர் சொன்னார். அந்த ஆண்டுகளைக் கேட்க ஆள் கிடைத்துவிட்டது.

காலையில் கார் தெங்கு கிளானா சாலையைத் தாண்டவில்லை, ஏஜெண்டிடமிருந்து அழைப்பு. மதியம் முடியாதாம், நான்கு மணிக்கு வரச் சொன்னார். வீட்டுக்குத் திரும்ப முடியாது. அண்டை வீட்டார் பார்க்காமல் அவரைக் காரில் ஏற்றியதே பெரும்பாடு. அப்பா ஒரு கணம் வண்டியை ஓரங்கட்டி நின்றார். பிறகு, பொழுதைப் போக்க வேண்டுமே, “கைடம்மா, முதல்ல எங்க போறோம்?” என்று என்னைக் கேட்டார்.

அரண்மனை வாசலுக்குப் போனோம். சித்தப்பா மஞ்சள் குவிமாடத்தைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினார். அதில் பேட்டரி இல்லை. அது தெரிந்தும் அவர் ஒரு கண்ணைச் சுருக்கி, இரண்டடி பின்வாங்கி, என்னை நகர்ந்து நிற்கச் சொல்லி, ஒரு படம் ‘எடுத்தார்’. பிறகு ராஜா அப்துல்லாவின் பழைய கிடங்குக்குப் போனோம். 1857-இல் ஈயமும் அரிசியும் வைக்கக் கட்டியது. அன்று பூட்டியிருந்தது. பூட்டிய கதவின் முன்னால் நின்று ஈய வியாபாரம் பற்றி நான் முழுவதும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

அங்கிருந்து கோத்தா பாலம். இரண்டு தளப் பாலம்; மேலே வண்டிகளுக்காகவும் கீழே நடப்பவர்களுக்காகவும் கட்டியது. 1961-இல் திறந்ததாகப் படித்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் கிள்ளான் ஆற்றின் மேலாக நடந்தோம். கம்பிகளைத் தொட்டுக்கொண்டே அவர் அக்கரை வரை போனார். திரும்பி வந்தார். இன்னொரு முறை போகலாமா என்று கேட்டார். அப்பா சரி என்றார். மூன்றாம் முறையும் கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது. பார்க்க எத்தனையோ இடம் இருக்க, ஒரே பாலத்தில் இவர் ஏன் போய்ப் போய் வருகிறார்? மாதக்கணக்கில் பத்தடி அறைக்குள் நடந்த கால்கள் அவை. எனக்கு அது ஒரு தகவலாகக்கூடத் தெரிந்திருக்கவில்லை.

ஆற்றைப் பார்த்தபடி அவர் கேட்டார். “கைடம்மா, கிள்ளான்னா என்ன அர்த்தம்?”

கால்வாய் என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், கிடங்கு என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், இரண்டும் முடிவானதல்ல என்று ஒப்பித்தேன்.

“தமிழ்ல நேராவே அர்த்தம் இருக்கே. கிள்ளான்னா கிள்ள மாட்டான். பேரை நம்பித்தானே வந்தேன்.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அதை என் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

நான்கு மணியை ஐந்தாக்கினார் ஏஜெண்ட். இப்படி அவர் தள்ளிவைக்கத் தள்ளிவைக்க எனக்கு ஓர் இடம் கூடிக்கொண்டே போனது. அன்று உலகத்திலேயே நல்ல மனிதர் அந்தத் தொலைபேசிக்காரர்தான் என்று நினைத்தேன்.

போர்ட் கிள்ளானுக்குப் போய்ப் பூலாவ் கெத்தாம் தீவுக்குப் படகு புறப்படும் துறையில் நின்றோம். துறைமுகம் 1901-இல் திறக்கப்பட்டது, அப்போது ஓர் ஆங்கில அதிகாரியின் பெயர் அதற்கு இருந்தது, திறந்த சில வாரங்களில் மலேரியா வந்து மூடினார்கள், சதுப்பை வடித்துக் கொசுவை ஒழித்த பிறகு மறுபடி திறந்தார்கள், 1972-இல் இன்றைய பெயர் வந்தது என்று மூச்சு விடாமல் சொன்னேன். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள் பலர் இங்கே இறங்கினார்கள். அப்பாவின் கொள்ளுத்தாத்தாவும் அப்படித்தான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், ஆண்டு தெரியவில்லை.

“அவரு பாஸ்போர்ட்டை யாரு வச்சிருந்தாங்க?” என்றார் சித்தப்பா.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் குறித்துவைத்திருக்கிறேன்; அதற்குப் பிறகு நீண்ட நாள் அப்படியொன்றைக் கேட்கவில்லை. தூரத்தில் கொள்கலன் கப்பல்கள் நின்றன. இவற்றில் நாகப்பட்டினம் போவது எது என்று அவர் கேட்டார். ஆள் ஏற்றும் கப்பல் நின்று பல காலமாயிற்று, இப்போது எல்லாரும் விமானத்தில்தான் போகிறார்கள் என்று திருத்தினேன். “தெரியும் ஆயி,” என்றார். அவர் ஊர்ப் பக்கம் பெண் குழந்தைகளை அப்படித்தான் அழைப்பார்களாம். கைடை ஆயி என்று அழைத்தது விளையாட்டு விதிக்கு மாறானது என்று உடனே சுட்டிக்காட்டினேன். மன்னிப்புக் கேட்டார்.

ஆறு மணிக்குக் கட்டாயம் வருகிறேன், கடற்சுவர் ஓரமாக நில்லுங்கள் என்று கடைசி அழைப்பு வந்தது. தஞ்சோங் ஹராப்பானுக்குப் போனோம். காற்று பலமாக இருந்தது. பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். மீன் சாப்பாட்டுக் கடைகளில் விளக்குகள் எரியத் தொடங்கின. நானும் சித்தப்பாவும் சுவர்மேல் உட்கார்ந்தோம். அம்மா கழிப்பறைக்குப் போயிருந்தார். அப்பா கொஞ்சம் தள்ளி நின்று, எடுக்கப்படாத அழைப்பை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

வந்தது ஏஜெண்ட் அல்ல. இரண்டு வேன்கள் வந்து கடைகளின் பின்பக்கமாக நின்றன. குடிநுழைவுத் துறைச் சீருடைக்காரர்கள் இறங்கினார்கள். கடைகளின் சமையலறைகளிலிருந்து ஆட்கள் ஓடினார்கள். ஒருவர் இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு எங்களைக் கடந்து ஓடினார். சித்தப்பா ஓடவில்லை. டூரிஸ்ட் ஓடமாட்டான் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். கேமராவைத் தூக்கிக் கடலைப் படம் எடுத்தார்.

அதிகாரிகளுக்கு உதவியாக வந்த தொண்டர்களில் ஒரு தமிழ் இளைஞர் இருந்தார். மரியாதையாகத்தான் வந்தார். “அண்ணே, எங்கேருந்து வந்திருக்கீங்க?”

“திருச்சிங்க. சுத்திப் பாக்க வந்தேன்.”

எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். மூன்று நாள். பாஸ்போர்ட்? ஹோட்டலில் இருக்கிறதுங்க. எல்லாம் சமையலறையில் ஒத்திகை பார்த்த பதில்கள். ஓர் இடத்திலும் நாக்கு தடுக்கவில்லை. இளைஞர் என் பக்கம் குனிந்தார். “பாப்பா, இவர் யாரு?”

“டூரிஸ்ட்,” என்றேன். அதோடு நிற்காமல், இந்த இடத்தின் பெயருக்கு நன்னம்பிக்கை முனை என்று பொருள் என்றும் விளக்கினேன். அவர் சிரித்தார். நம்பிவிட்டார் என்றே இன்றும் நினைக்கிறேன். கிளம்பத் திரும்பினார். விடைபெறும்போது எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாரையும் கேட்பதைத்தான் கேட்டார்.

“சரி அண்ணே. பசியாறியாச்சா?”

“ஆச்சு பாஸ், இப்பதான் பசியாறினேன்.”

இரண்டடி போயிருந்தவர் நின்றார்.

காலையில் ரொட்டி சானாய் தின்பதும் மாலையில் பலகாரத்தோடு தேநீர் குடிப்பதும் எங்களுக்குப் பசியாறுவதுதான். அம்மா ஒரு வாரம் பாடுபட்டு வடிகட்டியது மலாய்ச் சொற்களை. இது சுத்தமான தமிழ். திருச்சியிலிருந்து மூன்று நாள் முன்பு வந்த ஒருவர் இந்தச் சொல்லைக் கேட்டால் ஒரு நொடியாவது விழிப்பார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? தமிழகத்தில் அப்படிப் பேசமாட்டார்கள் என்பதே நான் வளர்ந்த பிறகு அறிந்ததுதான். தமிழகக் கடற்கரை முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் காலை உணவுக்கு இந்தச் சொல் உண்டு என்று பின்னால் படித்தேன். அன்று அங்கே அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

“மூணே நாள்ல பசியாறக் கத்துக்கிட்டீங்களாண்ணே?” என்றார் இளைஞர். கேலிபோலத்தான் கேட்டார். சித்தப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். எந்தத் தமிழில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஓர் அதிகாரி வந்தார். சித்தப்பாவின் பைகளைச் சோதித்தார், பாஸ்போர்ட் இல்லை. அப்போது அப்பா வந்து சேர்ந்தார். இவர் உங்களோடு வந்தவரா என்று அதிகாரி மலாயில் கேட்டார். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கழிப்பறைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். பெர்மிட் இல்லாதவரை வீட்டில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பதும், பிடிபட்டால் லோரி லைசென்ஸ் முதல் எல்லாம் போகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

“தா கெனால்,” என்றார். தெரியாது, பழக்கமில்லை என்று பொருள்.

சித்தப்பா உடனே தலையாட்டினார். “ஆமா பாஸ், இவங்க யாரோ. போட்டோ எடுத்துத் தரச் சொல்லலாம்னு பக்கத்துல உக்காந்தேன். அவ்ளோதான் லா.”

அந்த ‘லா’ தவறி வந்ததல்ல. இனி மறைக்க ஒன்றுமில்லை, எங்களை மட்டும் விட்டுவிடுங்கள் என்பதற்கு அவர் வைத்த முற்றுப்புள்ளி. நான் அப்போது கேட்டது வேறு. இருவரும் என்ன அருமையாக நடிக்கிறார்கள், அப்பாகூட மாற்றிப் பேசவில்லையே என்று வியந்தேன். கடைசியில் ஒரு ‘லா’ போட்டுச் சித்தப்பா தோற்றுவிட்டார் என்றும் குறித்துக்கொண்டேன்.

அவரை வேனை நோக்கி நடத்திச் சென்றார்கள். கைடு விடைகொடுக்க வேண்டும் அல்லவா? சுவர்மேல் எழுந்து நின்று, “எங்கள் கிள்ளானுக்கு வந்ததற்கு நன்றி, மீண்டும் வருக,” என்று உரக்கச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்துத் தொப்பியைச் சற்றுத் தூக்கினார். டூரிஸ்ட் ஒருவர் செய்வதுபோலவே இருந்தது.

கார் ஓடும்போது, நம்முடைய கேமராவை ஏன் திருப்பி வாங்கவில்லை என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். அம்மா என் தொடையில் அடித்தார்; அடித்துவிட்டு அவரே அழுதார். அன்றிரவே அப்பா தொலைபேசியின் சிம் கார்டை உடைத்துப் போட்டார். பின்னறையைக் கழுவிவிட்டார்கள். கட்டுரை எழுதும்போது மூன்று பேர் என்று எழுத வேண்டும் என்று அம்மா சொன்னபோது, விளையாட்டு இன்னும் முடியவில்லை போலும் என்று நினைத்தேன்.

ஏஜெண்டின் எண்ணை அப்பா பொதுத் தொலைபேசியிலிருந்து சில நாள் கழித்து அழைத்துப் பார்த்தார். எண் சேவையில் இல்லை என்று குரல் வந்தது. சோதனை அன்று அங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, தற்செயலா என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அப்பா பிரிக்பீல்ட்ஸ் கடைக்குத் தொடர்ந்து காஸ் இறக்கினார். அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே அந்த அடுப்பில் புதிதாக இன்னொருவர் நின்றார். அவரும் ‘அண்ணே’ என்று கூப்பிட்டுப் பேச வந்தாராம். அப்பா தோம்பை இறக்கி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி வந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னார்.

தடுப்பு முகாமில் போய் விசாரிக்க அப்பா கடைசிவரை போகவில்லை. அதற்காகப் பல ஆண்டுகள் அவரிடம் நான் சரியாகப் பேசவில்லை. வளர்ந்து வேலைக்கு வந்து, கிள்ளானின் பழைய கட்டடங்களைப் பற்றிக் குறிப்புகள் சேர்ப்பதைப் பொழுதுபோக்காக்கிக்கொண்ட பிறகு, கட்டடங்களுக்குச் செய்வதை ஒரு மனிதருக்குச் செய்யலாமே என்று நானே கிளம்பினேன். குடிநுழைவு அலுவலகத்தின் விசாரணை முகப்பில் கேட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டார். முழுப்பெயர்?

எங்கள் வீட்டில் அவரைத் தம்பி என்றும் சித்தப்பா என்றும் அழைத்தோம். கடையில் ‘மாஸ்டர்’ என்றார்கள். பெயர் ஒன்று இருந்தது. அப்பா ஓரிரு முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது ஆவணப் பெயரா, கூப்பிடும் பெயரா என்று அப்பாவுக்கே தெரியவில்லை. தந்தை பெயர்? தெரியாது. ஊர்? திருவாரூர்ப் பக்கம். பக்கம் என்றால்? தெரியாது. பாஸ்போர்ட் எண்? பாஸ்போர்ட்டை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததே இல்லை.

முகப்பில் நின்று ஒவ்வொரு கேள்விக்கும் ‘தெரியாது’ சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், கடற்சுவரருகே அப்பா சொன்ன சொல் என் வாயிலிருந்து வருவதைக் கேட்டேன். அது பொய் என்று அத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தேன். சித்தப்பாவின் கைச்சோற்றை மாதக்கணக்கில் தின்ற எங்களுக்கு, தேடிப் போக வேண்டிய நேரத்தில், அவரைத் தெரியாது என்பதுதான் உண்மையாக இருந்தது. அப்பா அதை எனக்கு முன்பே அறிந்திருக்கிறார்.

அந்தக் குழந்தைக்கு இப்போது நான் அன்று இருந்ததைவிட வயது கூடியிருக்கும். அவளுடைய அப்பா அவளிடம் போய்ச் சேர்ந்தார் என்பதற்கோ சேரவில்லை என்பதற்கோ எனக்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. இது எழுதப்படும் நாள்வரை அந்தத் தகவல் உறுதிசெய்யப்படவில்லை.